எரிவாயு ஆலை வரட்டும், கையெழுத்து யார் போடுறாங்க?

(தகவல் தொழில்நுட்பப் பிரிவு தொகுதிப் பொறுப்பாளர்கள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பலர் கேட்டதால் இங்கே பதிவிடுகிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

ஞாயித்துக்கிழமை காலையில வெயில்ல வந்து உட்கார்ந்திருக்கீங்க, அதனால வரவேற்பு, சால்வை எல்லாம் விட்டுட்டு நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம குரூப்புகள்ல அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "குப்பையிலேர்ந்து கேஸ் எடுக்கிற ஆலை புதுச்சேரியில வந்தா நாம ஆதரிக்கணுமா, எதிர்க்கணுமா?" கேட்கிறவங்களுக்கு ஒரே வார்த்தையில பதில் வேணும். போஸ்டர் டிசைன் பண்ணணும்ல. ஆனா அந்தக் கேள்விக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு. அந்த ஆலைக்கு அனுமதி யார் கொடுக்கிறாங்க? எந்த ஆபீஸ்ல, எந்தச் சட்டத்துல, யார் கையெழுத்துல? இது தெரியாம நாம ஆதரிச்சாலும் அது சும்மா, எதிர்த்தாலும் சும்மா.

முதல்ல ஆலை என்ன பண்ணுதுன்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிடறேன். காய்கறிக் கழிவு, ஓட்டல் சாப்பாடு, சாணம் மாதிரி ஈரக் கழிவைக் கூழாக்கி, காத்துப் புகாத பெரிய தொட்டிக்குள்ள விடுவாங்க. பாக்டீரியா அதைத் தின்னு வாயுவா மாத்தும். அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு. அதாவது அழுகின முட்டை நாத்தம். இதைச் சுத்தம் பண்ணி, மீத்தேனை 90 சதவீதத்துக்கு மேல ஏத்தி, அழுத்தி சிலிண்டர்ல அடைச்சா அதான் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு. வண்டிக்குப் போடுற சி.என்.ஜி.க்குப் பதிலா அப்படியே போடலாம். தொட்டியில மிஞ்சுற கூழ் உரமாப் போகும்.

இது கனவுத் திட்டம் இல்ல. இந்தூர்ல 2022 பிப்ரவரியில திறந்த ஆலை ஒரு நாளைக்கு 550 டன் ஈரக் கழிவை எடுத்து சுமார் 17,000 கிலோ வாயு தர்ற மாதிரி கட்டினது. கணக்குப் போட்டா ஒரு டன்னுக்கு முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல. மத்திய அரசு 2018 அக்டோபர்ல 'சதத்' திட்டம் கொண்டு வந்துச்சு. எரிவாயு விக்கிற கம்பெனிகள் 2025-26லேர்ந்து 1 சதவீதம் இந்த வாயுவைக் கலக்கணும், 2028-29ல அது 5 சதவீதம் ஆகணும்னு வெச்சிருக்காங்க. அதனால வாங்க ஆள் இருக்கு. குருமாம்பேட் கிடங்குல குப்பையும் இருக்கு. ரெண்டும் சேர்ந்தா என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இன்னிக்கு இல்லன்னாலும் நாளைக்கு ஒரு கம்பெனி ஃபைலைத் தூக்கிட்டு வரும். அந்த ஃபைல் வர்ற அன்னிக்கு நாம தயாரா இருக்கணும்னுதான் இந்தப் பேச்சே.

இன்னொரு விஷயம். "ஊருக்கு நடுவுல வெடிகுண்டு"ன்னு தலைப்புப் போட்டு வர்ற ஃபார்வர்டை தயவுசெஞ்சு யாரும் அனுப்பாதீங்க. தொட்டிக்குள்ள இருக்கிற அழுத்தம் உங்க வீட்டு சிலிண்டர்ல இருக்கிறதைவிட ரொம்பக் கம்மி. அழுத்தம் அதிகம் வர்ற இடம் கடைசியா வாயுவை அடைக்கிற சிலிண்டர் அடுக்குதான், அங்க இருநூறு பார் அளவுக்குப் போகும். அதுக்குன்னே தனி உரிமம் இருக்கு. நாம பயத்தைக் கிளப்பினா, மறுநாள் அதிகாரி ஒருத்தர் பேட்டி கொடுத்து ரெண்டே வரியில அதை உடைச்சிடுவார். அதோட நம்ம நியாயமான கேள்வியும் சேர்ந்து உடைஞ்சிடும்.

நியாயமான கேள்வின்னா நாத்தம், கழிவுநீர், லாரி, அப்புறம் மீதிக் குப்பை. தொட்டியை எவ்வளவு நல்லா மூடினாலும், குப்பை லாரி வந்து கொட்டுற கூடம் திறந்து கிடந்தா தெருவுல யாரும் ஜன்னல் திறக்க முடியாது. குப்பையிலேர்ந்து வடியுற தண்ணி மண்ணுக்குள்ள இறங்கினா போச்சு. நாம குடிக்கிறது நிலத்தடி நீர்தான், ஊசுடு ஏரியை வெச்சுத்தான் ஒரு பக்கமே பிழைக்குது. பிளாஸ்டிக்கும் துணியும் கலந்து வந்தா தொட்டி அதைச் செரிக்காது, அதைத் தனியா எடுத்து எங்கயாவது கொட்டணும். எங்க? குப்பை புதைக்கிற இடத்தை விமான நிலையத்திலேர்ந்து 20 கிலோமீட்டர் தள்ளி வைக்கணும்னு 2016 திடக்கழிவு விதிகள் சொன்னுச்சு. லாஸ்பேட்டை ஏர்போர்ட்டை மையமா வெச்சு 20 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்க. புதுச்சேரிப் பகுதியில பெரும்பாலான இடம் அதுக்குள்ளயே அடங்கிடும். நம்ம ஊர் சைஸ் அவ்வளவுதான்.

சரி, இப்போ ஃபைல் எங்கெல்லாம் போகும்னு பார்ப்போம்.

முதல்ல நிலம். அந்த சர்வே நம்பர் எந்த மண்டலத்துல வருதுன்னு புதுச்சேரி நகர அமைப்புக் குழுமம் பார்க்கும். விவசாய நிலமா, தொழில் மண்டலமா, குடியிருப்பா? மண்டலம் மாத்தணும்னா அது தனிக் கதை, தனி அறிவிப்பு வரணும். நம்ம ஆளுங்க பெரும்பாலும் ஆலை கட்டி முடிச்ச பிறகு போராடப் போறாங்க. ஆனா முதல் முடிவு இந்த மண்டல மாற்றத்துலயே எடுத்திருப்பாங்க, யாரும் கவனிக்காத ஒரு அரசிதழ்ப் பக்கத்துல.

அடுத்து புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். 1974 தண்ணீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம், ரெண்டுலயும் ரெண்டு தடவை இசைவு வாங்கணும். கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஓட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஒரு நாளைக்கு 5 டன்னுக்கு மேல குப்பை கையாளுற இடம்னா 2016 விதிப்படி தனி அங்கீகாரமும் வாங்க வேண்டியிருந்துச்சு. இதுல நீங்க குறிச்சு வெச்சுக்க வேண்டிய ஒரு சங்கதி இருக்கு. தண்ணீர்ச் சட்டம் 25-வது பிரிவுல, விண்ணப்பம் போட்டு நாலு மாசம் வரைக்கும் கொடுக்கவும் இல்ல, மறுக்கவும் இல்லன்னா, இசைவு கொடுத்ததாவே கருதப்படும். அதாவது "ஃபைல் அப்படியே தூங்குது, கவலைப்படாதீங்க"ன்னு ஒருத்தர் சொன்னா, அப்போதான் கவலைப்படணும். அந்த ஃபைல் தூங்கினபடியே பாஸ் ஆகிடும்.

சிலிண்டர்ல அடைக்கிற பகுதிக்கு மத்திய அரசோட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, தலைமையகம் நாக்பூர். தொழிலாளர் பாதுகாப்புக்குத் தொழிற்சாலை ஆய்வகம். தீயணைப்புத் துறைத் தடையில்லாச் சான்று. போர்வெல் போடணும்னா 2002 நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி. இதெல்லாம் படிவம், கட்டணம், ஆய்வு, முடிஞ்சது. நான் இன்ஜினியரிங் படிச்சவன், இந்த மாதிரி தொழில்நுட்பச் சான்றுகள் மேல எனக்கு நம்பிக்கை உண்டு. ஒழுங்கா பார்த்தா ஒழுங்கா வேலை செய்யும்.

ஆனா இந்தச் சான்று எதுவுமே உங்க தெருக்காரங்ககிட்ட "உங்களுக்குச் சம்மதமா?"ன்னு கேட்காது. அதைக் கேட்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு, உள்ளாட்சி மன்றம். 1973ல வந்த புதுச்சேரி நகராட்சிகள் சட்டமும், அதே வருஷத்து கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகள் சட்டமும், தன் எல்லைக்குள்ள தொழிற்சாலை வைக்கவும் இயந்திரம் ஓட்டவும் அனுமதி கொடுக்கிற வேலையை உள்ளாட்சிக்குத்தான் கொடுத்திருக்கு. மன்றம் கூடும், வார்டு உறுப்பினர் எழுந்திருச்சுப் பேசுவார், "எங்க வார்டு வழியா தினமும் நாப்பது லாரி போனா பள்ளிக்கூடப் பிள்ளைங்க எப்படிப் போகும்"னு கேட்பார், தீர்மானம் போடுவாங்க. அப்படித்தான் இருக்கணும்.

இப்போ சொல்லுங்க. உங்க வார்டு கவுன்சிலர் பேர் என்ன?

(அரங்கில் சிரிப்பு.)

சிரிக்கிறீங்க. இல்லாத ஆளுக்கு ஏது பேரு?

நம்ம கதை கொஞ்சம் விசித்திரமானது. 1880ல பிரெஞ்சுக்காரங்க ஆணை போட்டு கொம்யூன்களை உருவாக்கினாங்க, ஒவ்வொண்ணுக்கும் மன்றம், மேயர். அந்தப் பேர்தான் இன்னிக்கும் கொம்யூன் பஞ்சாயத்துன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு. இந்தியாவுல வேற எங்கயும் இந்தப் பேரே கிடையாது. 1954 அக்டோபர் 18, கீழூர். இந்தியாவோட சேர்றதா வேண்டாமான்னு ஓட்டுப் போட்டது யார்? பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும். மொத்தம் 178 பேர்ல 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. அதாவது இந்த மண்ணு எந்த நாட்டோட இருக்கணும்ங்கிற முடிவுலயே உள்ளாட்சி உறுப்பினர் கை தூக்கியிருக்கார். அவ்வளவு கனமான பதவி அது.

அப்புறம் 1968ல ஒரு தேர்தல். அடுத்தது 2006ல. நடுவுல 38 வருஷம். 2006ல ஜெயிச்சவங்க காலம் 2011 ஜூலையில முடிஞ்சுது. அதுக்கப்புறம் நடக்கல. 2021 கடைசியில தேதி வரைக்கும் அறிவிச்சாங்க, வார்டு ஒதுக்கீடு விவகாரம் கோர்ட்டுக்குப் போச்சு, அதோட நின்னுச்சு. 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து, 98 கிராமப் பஞ்சாயத்து, எல்லாத்தையும் ஆணையர்களும் அதிகாரிகளும் பார்த்துக்கிறாங்க. இதுல எந்த ஒரு ஆட்சியை மட்டும் குத்தம் சொல்லி நான் தப்பிக்கப் போறதில்ல. 2011லேர்ந்து ஆட்சிகள் மாறியிருக்கு, இந்த நிலைமை மட்டும் மாறல. எம்.எல்.ஏ.க்களுக்குக் கவுன்சிலர்னு ஒரு போட்டி ஆள் வேண்டாம்ங்கிறது எந்தக் கட்சியிலயும் ரகசியம் இல்ல.

கடற்கரைச் சாலையில மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழுந்துச்சுல்ல, அதை அச்சு அசல் பழைய மாதிரியே கட்டி 2021 பிப்ரவரியில திறந்தாங்க. அழகா இருக்கு, நானும் போட்டோ எடுத்துப் போட்டிருக்கேன். கட்டடத்தைத் திரும்பக் கட்டியாச்சு. மன்றத்தைத் திரும்ப உட்கார வைக்கத்தான் யாருக்கும் நேரமில்ல.

இதை எரிவாயு ஆலையோட சேர்த்துப் பாருங்க. குப்பை அள்ளுறது உள்ளாட்சியோட பொறுப்பு. அதனால ஆலைக்குக் குப்பை கொடுக்கிற ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறது அவங்க. பல சமயம் நிலமும் அவங்களோடது அல்லது அரசோடது. கம்பெனிக்குத் தினமும் இத்தனை டன் தருவோம்னு உறுதி கொடுக்கிறதும் அவங்க. கடைசியில, அதே ஆலைக்கு உள்ளாட்சி அனுமதி கொடுக்கிறதும் அவங்க. ஒரே ஆணையர், ஒரே மேசை. கேட்கிற கையும் கொடுக்கிற கையும் ஒண்ணு. ஆணையர் நல்லவரா கெட்டவரா என்பது இங்க பேச்சே இல்ல. ரொம்ப நேர்மையானவரா இருந்தாலும் அவரே அவருக்கு மனு போட்டு அவரே ஒப்புதல் கொடுக்கிற நிலைமையிலதான் உட்கார வெச்சிருக்கோம். மன்றம் இருந்தா ஆணையர் விண்ணப்பம் வைப்பார், மன்றம் கேள்வி கேட்கும். சட்டம் எழுதினவங்க மனசுல இருந்தது அதுதான்.

இதுல எல்லைக்காரங்க கதை இன்னும் வேடிக்கை. சேதராப்பட்டு பக்கம் நின்னு பாருங்க. இந்தப் பக்கம் புதுச்சேரி, கொஞ்ச தூரத்துல விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம். நாத்தம் எல்லைக்கல் பார்த்து நிக்காது. ஆனா அந்தப் பக்கத்து ஊர்கள்ல 2021 அக்டோபர்ல உள்ளாட்சித் தேர்தல் நடந்து ஊராட்சித் தலைவர் வந்தார். அவர் கலெக்டர்கிட்ட மனு கொடுக்கலாம், கிராம சபை கூட்டித் தீர்மானம் போடலாம். நம்ம ஊர்ல ஆலை, அவங்க ஊர்ல குரல். நம்ம பக்கத்து ஆளு என்ன பண்ணுவார்? வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் வைப்பார்.

இந்த எல்லை விஷயம் இன்னொரு இடத்துலயும் வருது, இது பலருக்குத் தெரியாது. 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில ஏழாவது வரிசையில பொது திடக்கழிவு மேலாண்மை வளாகங்கள் வருது. அது சாதாரணமா மாநில அளவுல பரிசீலிக்கிற 'பி' பிரிவு. ஆனா மாநில எல்லையிலேர்ந்து 5 கிலோமீட்டருக்குள்ள இருந்தா டெல்லியில மத்திய அளவுல பார்க்கணும்னு ஒரு பொது நிபந்தனை இருக்கு, பக்கத்து மாநிலங்கள் ஒப்புக்கிட்டா விலக்கும் உண்டு. நம்ம ஊர்ல எல்லையிலேர்ந்து 5 கிலோமீட்டர் உள்ள தள்ளி இருக்கிற இடத்தைத் தேடிக் கண்டுபிடிங்க பார்க்கலாம். கோட்டக்குப்பமே தமிழ்நாடு! அதனால கம்பெனி வந்தா முதல் கேள்வி இதுதான்: இது வெறும் உயிரி எரிவாயு ஆலைன்னு விண்ணப்பம் போட்டிருக்கீங்களா, இல்ல தரம் பிரிக்கிறது, புதைக்கிறது எல்லாம் சேர்ந்த வளாகமா? ஏன்னா வளாகம்னா சுற்றுச்சூழல் அனுமதி வேணும், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்ங்கிற கதவு திறக்கும். வெறும் எரிவாயு ஆலைன்னு காட்டினா அந்தக் கதவு திறக்காமலே போகலாம். பேர் வைக்கிறதுலயே பாதி வேலை முடிஞ்சுடும்.

கருத்துக் கேட்பு நடந்தா, குறைஞ்சது 30 நாள் முன்னாடி பத்திரிகையில விளம்பரம் வரணும், அதுல ஒண்ணு தமிழ்ப் பத்திரிகையா இருக்கணும். அறிக்கையோட சுருக்கம் தமிழ்ல வைக்கணும். கலெக்டர் அல்லது அவர் சார்பா கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி தலைமை தாங்கணும். முழுசா வீடியோ எடுக்கணும். இன்னொண்ணு, கூட்டத்துக்குக் குறைஞ்சபட்சம் இத்தனை பேர் வரணும்னு விதி கிடையாது. மூணு பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாத்தான் கணக்கு. "புறக்கணிப்போம்"னு நாம வீட்டுல உட்கார்ந்தா, எதிர்ப்பே இல்லன்னு பதிவாகும். போய், பேசி, பேசினதை மினிட்ஸ்ல ஏத்தச் சொல்லி, எழுத்துலயும் கொடுத்துட்டு வரணும்.

மத்த ஊர்ல என்ன ஆச்சுன்னு ரெண்டு உதாரணம். புனேவுல பாணேர்ங்கிற இடத்துல, ஈரக் கழிவைக் கூழாக்கி வேற இடத்து எரிவாயு ஆலைக்கு அனுப்புற நிலையம். அக்கம்பக்கத்துல அடுக்குமாடி வந்துச்சு, நாத்தம் தாங்கலன்னு வழக்குப் போட்டாங்க. 2020 அக்டோபர்ல பசுமைத் தீர்ப்பாயம் நிலையத்தை மூடி வேற இடத்துக்கு மாத்தச் சொல்லுச்சு. மாநகராட்சி உச்ச நீதிமன்றம் போச்சு. 2024 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து பண்ணிடுச்சு. அந்த நிலம் பழைய திட்ட வரைபடத்துலயே குப்பை பதப்படுத்துற இடம்னு குறிச்சிருந்தது முக்கியமான காரணம். மூடினா அந்தக் குப்பை ஊருக்குள்ள நாறும்ங்கிறது இன்னொண்ணு. ஆனா சுத்தி அடர்த்தியா மரம் வளர்க்கணும், சுற்றுச்சூழல் தணிக்கை பண்ணணும்னு நிபந்தனை போட்டுச்சு. நாலு வருஷ வழக்கு கடைசியில வந்து நின்ன இடம் பார்த்தீங்களா, வரைபடத்துல என்ன எழுதியிருக்குங்கிறதுல. நான் மண்டல மாற்றத்தைப் பத்தி முன்னாடி அவ்வளவு நேரம் பேசினது இதனாலதான்.

கொச்சி பிரம்மபுரம் உங்களுக்கே தெரியும். 2023 மார்ச் 2ஆம் தேதி குப்பைமேட்டுல தீப்பிடிச்சு பத்து நாளுக்கு மேல ஊரே புகையில மூச்சுத் திணறுச்சு. பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி அபராதம் போட்டுச்சு. அதுக்கப்புறம்தான் அங்க பி.பி.சி.எல். மூலமா 150 டன் எரிவாயு ஆலை வந்துச்சு. ஆலை வேண்டாம்னு நான் சொல்லாததுக்குக் காரணம் இதுதான். ஆலை இல்லன்னா குப்பை இல்லாம போயிடாது. குருமாம்பேட்ல மலையா நிக்கும், ஒரு நாள் எரியும். அங்க சுத்தி இருக்கிற மக்கள் அந்தப் புகையை ஏற்கெனவே பார்த்தவங்கதான்.

அதனால நம்ம நிலைப்பாடு என்னன்னு கேட்டா, என் கருத்து: ஆலை வரட்டும், தரம் பிரிச்ச குப்பை வரட்டும், கொட்டுற கூடம் மூடின கூடமா இருக்கட்டும், மீதிக் கழிவு எங்க போகுதுன்னு எழுத்துல இருக்கட்டும். அதோட, அந்த அனுமதியில தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றத்தோட தீர்மானம் இருக்கட்டும். கடைசியா சொன்னது கிடைக்கிற வரைக்கும் நாம உள்ளாட்சித் தேர்தலைக் கேட்கிறதை நிறுத்தக் கூடாது. இதுவரைக்கும் தேர்தல் வேணும்னு நாம பேசினப்போ "பதவி ஆசை"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. இனிமே குப்பை லாரி போற தெருவைக் காட்டிப் பேசுங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க.

இப்போ வேலை. ஒவ்வொரு தொகுதியிலயும் ரெண்டு பேர் பொறுப்பு எடுக்கணும். தகவல் உரிமைச் சட்டத்துல மனு, கட்டணம் 10 ரூபாய், 30 நாள்ல பதில். மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு ஒண்ணு: திடக்கழிவு சம்பந்தமா இப்போ நிலுவையில இருக்கிற இசைவு விண்ணப்பங்கள், ஒவ்வொண்ணும் பதிவான தேதி, நாலு மாசம் முடியுற தேதி. நகர அமைப்புக் குழுமத்துக்கு ஒண்ணு: மண்டல மாற்ற விண்ணப்பங்கள், சர்வே நம்பரோட. உங்க நகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்கு ஒண்ணு: குப்பை தர்றதுக்குப் போட்டிருக்கிற ஒப்பந்தங்களோட நகல், கூடவே தொழிற்சாலை அனுமதிகளை 2011க்கு அப்புறம் எந்தத் தீர்மானத்தோட அடிப்படையில கொடுத்தீங்கன்னு ஒரு கேள்வி. "ஏன்"னு கேட்காதீங்க, ஏன்னு கேட்டா அது தகவல் இல்லன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. நகல் கேளுங்க, தேதி கேளுங்க.

பதில் வந்ததும் ஸ்கேன் பண்ணி முதல்ல எங்களுக்கு அனுப்புங்க, போஸ்டர் அப்புறம். சுற்றுச்சூழல் அனுமதி ஏதாவது கொடுத்திருந்தா அதை எதிர்த்துத் தீர்ப்பாயம் போக 30 நாள்தான். டிசைன் நல்லா வரலன்னு ரெண்டு வாரம் வெச்சிருந்தா பாதி நாள் போயிடும்.

மனு மாதிரி வெளியில மேசையில இருக்கு. வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு பொறுப்பாளர்கள் கொஞ்சம் இருந்து வாங்கிட்டுப் போங்க. டீ சூடா இருக்கு. கேள்வி இருந்தா இப்போ கேளுங்க.

#உள்ளாட்சித்தேர்தல்எப்போது #புதுச்சேரி #குருமாம்பேட்